ஒரே கூலிச் சீட்டில் இரண்டு பேர்

'மாரா' என்பது வடகிழக்கு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் வேலைக் கூட்டாளிக்கு வைத்திருந்த பெயர். எழுத்தில் 'மாரோ' என்றும் வரும். தோழன், ஜோடியில் ஒருவன் என்ற பொருளில் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்தே வழங்கிவரும் சொல். அது எங்கிருந்து பிறந்தது என்பதில் அகராதிக்காரர்களுக்குள் ஒற்றுமை இல்லை. டர்ஹம், நார்தம்பர்லாந்து மாவட்டங்களின் சுரங்கங்களில் அதற்கு இன்னொரு பொருளும் ஏறியது. ஒரே இடத்தில் கரி வெட்டி, ஒரே கூலிச் சீட்டில் பெயர் போட்டு, வந்த பணத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்பவனே மாரா. தமிழில் 'கூட்டாளி' என்ற சொல் நண்பனையும் குறிக்கும், தொழிலில் பங்கு வைத்திருப்பவரையும் குறிக்கும். மாராவும் ஏறத்தாழ அப்படித்தான். பங்கு என்று வந்துவிட்டால் பாசத்தோடு கணக்கும் வரும் என்பதைப் 'பங்காளி' என்ற சொல்லை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த வட்டாரத்தில் கரி வெட்டிய முறை இந்த உறவுக்கு அடிப்படை. கரிப்படுகையைக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்து, நடுவே கூரையைத் தாங்கக் கரித் தூண்களை விட்டுவிடுவார்கள். பிறகு ஒரு காலத்தில் அந்தத் தூண்களையும் வெட்டி எடுப்பார்கள். ஆகவே சுரங்கம் ஒரு பெரிய கூடமாக இருக்காது. நூற்றுக்கணக்கான சிறு சிறு 'இடங்கள்' இருட்டில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு இடத்திலும் ஓரிருவர்தான் இருப்பார்கள். மேற்கு டர்ஹமில் பல படுகைகள் இரண்டு மூன்று அடி உயரம்தான். அங்கே மண்டியிட்டோ ஒருக்களித்துப் படுத்தோதான் வெட்ட முடியும். மேற்பார்வையாளர் ஷிப்டுக்கு ஓரிரு முறை வந்து போவார். மற்ற நேரத்தில் அந்த இடத்துக்கு உரியவர்கள்தான் எல்லாம்: எங்கே வெட்டுவது, கூரை எப்போது பேசுகிறது, எப்போது கையை நிறுத்தி விலகுவது என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

கரி வெட்டுபவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு ஷிப்டு இருந்தது. முன் ஷிப்டில் ஒரு மாரா, பின் ஷிப்டில் இன்னொரு மாரா என்று ஒரே இடத்தை இருவர் மாறி மாறி வெட்டுவது வழக்கம்; ஷிப்டுக்கு இருவராக நான்கு பேர் சேர்ந்த குழுவும் உண்டு. எதிரெதிர் ஷிப்டில் இருப்பவர்கள் கீழே சந்திப்பது சில நிமிடங்கள்தான், சில நாள் அதுவும் இல்லை. ஆனால் ஒருவர் முட்டுக்கொடுத்துவிட்டுப் போன கூரையின் கீழேதான் மற்றவர் வந்து உட்கார வேண்டும். ஒருவர் அவசரத்தில் விட்டுச்சென்ற கல்லை மற்றவர்தான் வாரிப்போட வேண்டும். கண்ணில் படாத ஒருவரின் கைவேலையில் உயிரை வைப்பது என்பதே இந்தக் கூட்டின் முதல் நிபந்தனை.

கூலி, வெட்டிய கரியின் எடைக்கு. நிரம்பிய ஒவ்வொரு தொட்டி வண்டியிலும் ஒரு வில்லையைத் தொங்கவிடுவார்கள். வண்டி மேலே வந்ததும் வில்லையைப் பார்த்து இன்னாரின் கணக்கில் எடை ஏறும். அந்த வில்லை குழுவுக்கு உரியது, தனி ஆளுக்கு உரியதல்ல. அன்று பத்து வண்டி மேலே வந்தால் அதில் ஆறு யாருடையது, நாலு யாருடையது என்பது எடைபோடுபவருக்கும் தெரியாது, கணக்கருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. மாராவுக்கு மட்டும் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் கூலி ஒரே சீட்டில், ஒரே தொகையாக வரும். கூலி வராத இடைவாரத்துக்கு 'பாஃப்' வாரம் என்று பெயர்; கடன் சொல்லிச் சாமான் வாங்கும் வாரம் அது. கூலி நாளில் தெருமுனையிலோ, சில்லறை மாற்றித் தரும் மதுக்கடையிலோ நின்று பணத்தைச் சமமாகப் பிரிப்பார்கள்.

நலிந்த தொழிலாளிக்கு இந்த ஏற்பாடு கொடுத்த பாதுகாப்பு பெரிது. முதுகுவலியோடு வந்தவன், முந்தின வாரம் பிள்ளையைப் பறிகொடுத்தவன், மூச்சு வாங்கும் ஐம்பது வயதுக்காரன் என எவனுடைய குறைந்த வெட்டும் கணக்கில் தனியாகத் தெரியாது. அவனைக் காப்பாற்ற யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இன்னொருவன் அரை மணி நேரம் கூடுதலாகக் குனிந்தால் போதும். விசுவாசம் என்ற பெரிய சொல்லை அந்தச் சுரங்கங்களில் யாரும் பயன்படுத்தியிருக்க வாய்ப்பில்லை; கூலிச் சீட்டே அந்த வேலையைச் செய்தது.

ஆனால் அதே சீட்டு மறுபக்கத்தையும் காட்டியது. மாரா குறைவாக வெட்டினால் முதலாளிக்கு நஷ்டமில்லை, டன்னுக்கு உரியதைத்தான் அவர் கொடுக்கிறார். நஷ்டம் முழுவதும் உடன் உழைப்பவனுக்கு. அதாவது அவன் மனைவிக்கு, அவன் அடுப்புக்கு. இரக்கத்தின் செலவை இரக்கப்படுபவனே தன் பையிலிருந்து கட்ட வேண்டிய ஏற்பாடு இது. ஒரு வாரம் கட்டலாம், ஒரு பருவம் கட்டலாம். எதுவரை கட்டுவது என்ற கேள்விக்கு அந்தத் தொழிலாளர்கள் கண்ட விடைதான் 'கேவில்'.

கேவில் என்பது சீட்டுக் குலுக்கல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சுரங்கத்தில் உள்ள எல்லா வெட்டுமிடங்களுக்கும் சீட்டுப் போட்டு, எந்தக் குழுவுக்கு எந்த இடம் என்று எடுப்பார்கள். ஒரு இடத்தில் கரி பொலபொலவென்று உதிரும். இன்னொன்றில் கல்லாக இறுகியிருக்கும். ஒன்றில் தண்ணீர் முழங்கால் வரை நிற்கும், ஒன்றில் கூரை நம்ப முடியாதது. நல்ல இடத்தை யாருக்குத் தருவது என்பதை மேலாளரின் கையில் விட்டால் முகத்துதியும் லஞ்சமும் வரும் என்று தொழிலாளர்கள் கருதினார்கள். அதனால் அதிர்ஷ்டத்தின் கையில் விட்டார்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதிச் சுரங்கங்களில் இருந்த 'பட்டி' முறையோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். அங்கே ஒரு சிறு ஒப்பந்தக்காரர் வேலையை எடுத்து, கீழே ஆள் வைத்து வெட்டுவார். ஆளை எடுப்பதும் விடுவதும் அவர் விருப்பம்.

கேவிலின் இன்னொரு பயன் வெளிப்படையாகப் பேசப்பட்டதில்லை. அது குழு கலைந்து சேரும் வேளையும்கூட. மூன்று மாதத்துக்கு மாரா மாராதான். நடுவில் விட்டுப்போவது அழகல்ல. குலுக்கல் நாள் நெருங்கும்போது, அடுத்த பருவத்துக்கு யாரோடு பெயர் கொடுப்பது என்று ஒவ்வொருவரும் யோசிக்கலாம். பிரிய விரும்புபவன் காரணம் சொல்லத் தேவையில்லை. 'தம்பி பெரியவனாகிவிட்டான், அவனோடு சேர்கிறேன்' என்றால் முடிந்தது. அண்ணன் தம்பி, தகப்பன் மகன், மாமன் மைத்துனன் என்று உறவில் மாரா சேர்வது சகஜமாக இருந்ததால் அந்தச் சாக்கு எப்போதும் கைவசம் இருந்தது. பல ஜோடிகள் ஆண்டுக்கணக்கில் கலையாமல் இருந்ததும் உண்மைதான். ஆனால் வாசல் இருந்ததனால்தான் அவ்வளவு காலம் தங்க முடிந்தது என்று சொல்வதே பொருந்தும்.

இந்த உறவைக் கூர்ந்து கவனித்து எழுதியவர்களில் முக்கியமானவர்கள் எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த். டிரிஸ்ட், லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் சமூக உளவியலாளர். பாம்ஃபோர்த் பதினெட்டு ஆண்டுகள் கரிமுகத்தில், அதாவது கரி வெட்டும் முனையில், வேலை செய்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். 1951-இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை இன்றும் தொழில் உளவியல் பாடங்களில் இடம்பெறுகிறது. பழைய முறையில் கூட்டாளியைத் தொழிலாளரே தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அவர்கள் அழுத்திச் சொல்கிறார்கள். பல ஆண்டு பழக்கத்தில், ஒருவன் நிதானம் என்ன, குணம் என்ன என்று தெரிந்து எடுக்கப்பட்ட தேர்வு அது. ஒருவன் அடிபட்டோ இறந்தோ போனால் அவன் குடும்பத்தை மாரா பார்த்துக்கொள்வது அரிதல்ல என்றும் குறிப்பிடுகிறார்கள்.

அதே கட்டுரையில் இன்னொரு செய்தி இருக்கிறது; மேலோட்டமாகப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ஜோடிகள் தங்கள் வயதுக்கும் தெம்புக்கும் ஏற்ப வேலையின் அளவைத் தாங்களே வைத்துக்கொண்டன என்பது அது. இளைஞர் இருவர் வெறியோடு வெட்டுவார்கள். முதியவர் இருவர் நிதானமாக வெட்டிக் குறைவாகக் கூலி வாங்குவார்கள். இருவகைக்கும் இடமிருந்தது என்பது மேன்மைதான். ஆனால் இதன் உள்ளர்த்தம், வலியவன் வலியவனோடும் நலிந்தவன் நலிந்தவனோடும் சேர்ந்தான் என்பது. சமமாகப் பிரிப்பது ஏறத்தாழச் சமமானவர்களுக்குள்தான் நீடித்தது. தெம்பு போன ஒருவனை அவன் பழைய கூட்டாளி சில கேவில்கள் வரை சுமப்பான். பிறகு அவனுக்குக் கிடைக்கும் மாரா, அவனைப் போலவே இருமுகிறவனாக இருப்பான்.

கேவில் இடத்தின் குறையைத்தான் சரிக்கட்டும். கெட்ட இடம் வாய்த்தவனுக்கு அடுத்த பருவத்தில் நல்ல இடம் விழலாம். உடம்பின் குறையோ எந்த இடத்துக்குப் போனாலும் கூடவே வரும். 1869-இல் டர்ஹம் சுரங்கத் தொழிலாளர் சங்கம் உருவாகி, அடுத்த சில ஆண்டுகளில் முதலாளிகளும் சங்கமும் சேர்ந்த கூட்டுக் குழு ஏற்பட்டது. 'மாவட்டச் சராசரி' என்ற அளவுகோலும் வந்தது. ஒரு சுரங்கத்தில் அல்லது ஒரு படுகையில் கரி வெட்டுபவர்களின் வருமானம் அந்தச் சராசரியிலிருந்து கணிசமாக விலகினால் டன் விலையை மாற்றக் கேட்கலாம். சிக்கல் எங்கே என்றால், வருமானம் குறைந்தது இடத்தாலா ஆளாலா என்று ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும். இடத்தால் என்றால் சங்கம் வாதாடும். ஆளால் என்றால் அந்த மேசையில் அதற்குப் பதில் கிடையாது.

பணம் மட்டுமே எல்லை அல்ல. தீவாயு உள்ள சுரங்கத்தில் கவனக்குறைவைச் சுமக்க முடியாது. 1816-இன் தொடக்கத்தில் டைன் நதிக்கரையில் உள்ள ஹெப்பர்ன் சுரங்கத்தில் டேவி விளக்கு என்ற பாதுகாப்பு விளக்கு சோதிக்கப்பட்ட நாளிலிருந்து, அத்தகைய விளக்கைத் திறப்பதும், கீழே தீக்குச்சியோ புகைக்குழாயோ கொண்டுபோவதும் படிப்படியாகக் குற்றமாயின. நீதிமன்றம் சிறைக்கே அனுப்பியது. மற்ற விஷயங்களில் மேலாளரிடம் வாய் திறக்காதவர்களும் இதில் மறைப்பதில்லை. குறைவாக வெட்டும் மாரா ஒருவன் கூலியைத்தான் தின்பான். தீக்குச்சி வைத்திருப்பவனோ மொத்தச் சுரங்கத்தையும் விழுங்குவான்.

சட்டமும் இந்த உறவைத் தன் பாணியில் எடுத்துக்கொண்டது. 1837-இல் ஃபௌலர் என்ற இறைச்சிக் கடைக்காரர் மீது அவரிடம் வேலை பார்த்த பிரீஸ்ட்லி தொடுத்த வழக்கிலிருந்து ஒரு கோட்பாடு கிளைத்தது. அளவுக்கு மீறிச் சுமையேற்றிய வண்டி முறிந்து காயம்பட்டதற்கு முதலாளி நஷ்டஈடு தரத் தேவையில்லை என்பது அந்தத் தீர்ப்பு. உடன் வேலை செய்பவனின் கவனக்குறைவால் காயப்பட்டால் அதற்கு முதலாளி பொறுப்பல்ல, அந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டுதான் தொழிலாளி வேலைக்கு வருகிறான் என்று பின்னர் அது விரிந்தது. 1858-இல் ஸ்காட்லாந்தின் பார்ட்டன்ஷில் நிலக்கரி நிறுவன வழக்கில், ஆள் ஏற்றும் கூண்டை இயந்திரக்காரர் உரிய இடத்தில் நிறுத்தத் தவறியதால் நேர்ந்த சாவுக்கும் இதே விதியைப் பிரபுக்கள் சபை பொருத்தியது. கீழே கரி வெட்டுபவனும் மேலே இயந்திரத்தை ஓட்டுபவனும் சட்டத்தின் கண்ணில் உடன் தொழிலாளர். ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்துக்கொண்ட இரண்டு மாராக்களுக்கு இடையே இருந்த நம்பிக்கையை, பேர்கூடத் தெரியாத இருவர் தலையில் சுமத்தி, முதலாளியைத் தப்பவிட்ட தந்திரம் என்றே இதைச் சொல்ல வேண்டும். 1880-இலும் 1897-இலும் வந்த சட்டங்கள் இதன் கூர்மையை மழுக்கின. 1948-இல்தான் முழுதாக ஒழிந்தது.

சட்டம் கைவிட்ட இடத்தில் தொழிலாளர்கள் கூட்டை அகலப்படுத்தினார்கள். அதற்கு ஒரு பெருஞ்சாவு தேவைப்பட்டது. 1862 ஜனவரி 16 அன்று நார்தம்பர்லாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் வார்ப்பிரும்பு உத்திரம் இரண்டாக முறிந்தது. 40 டன்னுக்கு மேல் எடை கொண்ட அந்த உத்திரத்தின் பாதி, சுரங்கத்தின் ஒரே கிணற்றுக்குள் விழுந்து வழியை அடைத்தது. ஷிப்டு மாறும் வேளை என்பதால் இரண்டு ஷிப்டு ஆட்களும் கீழே இருந்தார்கள். ஆறு நாள் தோண்டியும் பயனில்லை. ஆண்களும் சிறுவர்களுமாக 204 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டு வழி இருக்க வேண்டும் என்ற சட்டம் அந்த ஆண்டே வந்தது.

ஹார்ட்லி குடும்பங்களுக்கு நாடெங்கிலுமிருந்து நிதி குவிந்தது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. இருநூறு பேர் ஒரே நாளில் செத்தால் நாடே அழுது பணம் அனுப்புகிறது. கூரைக்கல் விழுந்து வாரத்துக்கு ஒருவராகச் சாகிறவர்களின் விதவைகளுக்கு யார் அனுப்புவது? உண்மையில் சுரங்கச் சாவுகளில் பெரும்பகுதி இப்படி ஒற்றை ஒற்றையாக நடந்தவைதான். அதுவரை அந்த விதவைக்கு மாராவும் அண்டைவீட்டாரும் சுரங்கத்து ஆட்களும் தொப்பியை நீட்டி வசூல் செய்து கொடுத்ததுதான் மிச்சம். அதே 1862-இல் நார்தம்பர்லாந்து - டர்ஹம் சுரங்கத் தொழிலாளர் நிரந்தர நிவாரண நிதி தொடங்கியது. வாரம் சில பென்னி சந்தா. சாவுக்கும் காயத்துக்கும் வரையறுத்த உதவி. இரக்கத்துக்குப் பதில் உரிமை வந்தது.

உரிமை வந்ததும் சோதனையும் வந்தது. அக்காலத்து உதவிச் சங்கங்கள் நோயாளி உறுப்பினர் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தன, மருத்துவர் சீட்டுக் கேட்டன, நோய் என்று பணம் வாங்கிக்கொண்டு வேறு வேலை செய்தவரை நீக்கின. மாராவிடம் ஒருவன் தன் வலியை நிரூபிக்க வேண்டியிருந்ததில்லை. அவன் பக்கத்தில் நின்று பார்த்தவன். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்த நிதிக்கு அந்தக் கண் இல்லை, அதனால் காகிதம் தேவைப்பட்டது. இதற்காக நிதியைக் குறைசொல்வது நியாயமல்ல. மாரா சுமக்க முடியாத இருபது ஆண்டு ஊனத்தை அதனால் சுமக்க முடிந்தது.

சங்கத்தின் கிளைக்கு அங்கே 'லாட்ஜ்' என்று பெயர். தமிழ்நாட்டு லாட்ஜோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு லாட்ஜ், அதற்கொரு பட்டுக்கொடி. 1871 முதல் டர்ஹம் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் பெருந்திருவிழாவுக்கு அந்தக் கொடிகள் ஊர்வலமாக வரும். அந்த ஆண்டில் சாவு கண்ட லாட்ஜின் கொடியில் கறுப்புத் துணி கட்டியிருக்கும். ஒருவனுக்கு நேர்ந்ததை ஊரே தன்மேல் போட்டுக்கொள்வதன் அடையாளம் அது.

மிகவும் சிக்கலானது முதுமை. டர்ஹமில் மணமான கரி வெட்டுபவருக்கு நிறுவனம் வாடகையில்லாத வீடும் எரிக்கக் கரியும் கொடுக்கும் வழக்கம் இருந்தது. வேலை போனால் வீடும் போகும். பையனாகக் கதவு திறந்து மூடும் வேலையில் சேர்ந்து, குதிரை ஓட்டி, தொட்டி தள்ளி, இருபது வயதை ஒட்டிக் கரி வெட்டுபவராக உயர்ந்தவர், நாற்பது ஐம்பதுக்குமேல் அதே ஏணியில் இறங்கத் தொடங்குவார். கல் அகற்றும் நாள்கூலி வேலை, பிறகு மேலே கரி சலிக்குமிடத்தில் சிறுவர்களோடு கல் பொறுக்குவது. ஏறும்போது கூட வந்த மாரா இறங்கும்போது கூட வருவதில்லை. கூலிச் சீட்டின் கூட்டு கரிமுகத்தோடு முடிந்துவிடும். இந்த இடைவெளியைக் கண்டு எழுந்ததுதான் டர்ஹம் முதிய சுரங்கத் தொழிலாளர் இல்லங்கள் சங்கம். ஜோசப் ஹாப்பர் என்ற சுரங்கத் தொழிலாளி, மெதடிஸ்டு போதகருமானவர், இதற்காக ஊர் ஊராகப் பேசினார். 1898-இல் சங்கம் அமைந்தது; வேலையில் இருப்பவர்கள் தங்கள் கூலியிலிருந்து ஒரு சிறு தொகை கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். 1899-இல் ஹாஸ்வெல் மூர் என்ற இடத்தில், கைவிடப்பட்ட சுரங்கக் குடியிருப்பை வாங்கிச் செப்பனிட்டு முதல் இல்லங்களைத் திறந்தார்கள். அரசு முதியோர் ஓய்வூதியம் 1909-இல்தான் வழங்கத் தொடங்கியது என்பதை வைத்துப் பார்த்தால், பத்தாண்டு முந்திக்கொண்ட காரியம் இது.

நாட்டளவில் கூட்டு விரிந்தபோது நலிந்தவர்கள் விளிம்பில் தள்ளப்பட்டதும் நடந்தது. 1912 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி கேட்டு ஏறத்தாழப் பத்து லட்சம் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டவன் எவ்வளவு உழைத்தாலும் கூலி வருவதில்லை என்பதே முதன்மையான குறை. அந்த மாதமே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியது. ஆனால் முதியோரையும், நோயாலோ விபத்தாலோ உடல் நலிந்தோரையும் குறைந்தபட்சக் கூலி உரிமையிலிருந்து விலக்கும் விதிகளை மாவட்ட வாரியங்கள் வகுக்கும்படி சட்டமே சொன்னது. மூன்று மாதக் குலுக்கலில் மாராக்கள் சத்தமில்லாமல் செய்துவந்த பிரிவினை இப்போது சட்டப் பிரிவாக அச்சில் ஏறியது. முதலாளிகள் கேட்ட விலை அது. தெம்புள்ள பெரும்பான்மை அந்த விலையைக் கொடுத்தது.

1926-இல் ஏழு மாதக் கதவடைப்பு வந்தபோது இன்னொரு எல்லை தெரிந்தது. டர்ஹமின் செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் வட்டாரத்தில் ஏழைகள் உதவி வாரியம் தொழிலாளர் பிரதிநிதிகள் கையில் இருந்தது. சுரங்கக் குடும்பங்களுக்கு அது தாராளமாக உதவியது. அரசு புதுச் சட்டம் கொண்டுவந்து வாரியத்தையே நீக்கித் தன் ஆட்களை உட்காரவைத்தது. பசி தாளாமல் கதவடைப்பு முடியுமுன் வேலைக்குத் திரும்பியவர்களும் இருந்தார்கள். குடிகாரனை மன்னித்த, இருமுகிறவனைச் சுமந்த கிராமங்கள் இவர்களை மன்னிக்கவில்லை. பலர் குடும்பத்தோடு ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் ஒதுக்கப்பட்டார்கள். பலவீனத்துக்கு இடம் கொடுத்த ஒழுங்கு, முறித்துக்கொண்டு போவதற்கு இடம் கொடுக்கவில்லை. பசியும் ஒரு பலவீனம்தானே என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

மாரா முறையின் அடித்தளத்தை அசைத்தது இயந்திரம். நீள்முக வெட்டு என்ற முறையில் சிறு இடங்கள் மறைந்து, நூற்றைம்பது இருநூறு கெஜ நீளமுள்ள ஒரே கரிமுகம் வந்தது. முதல் ஷிப்டு இயந்திரத்தால் அடிவெட்டு வெட்டும். அடுத்தது கரியை வாரி ஓடுபட்டையில் போடும். மூன்றாவது பட்டையையும் முட்டுகளையும் நகர்த்தும். நாற்பது பேர் மூன்று ஷிப்டுகளாகப் பிரிந்து ஒரு சுற்றை முடிப்பார்கள். கரி வாருபவருக்கு எட்டுப் பத்து கெஜம் தனித்தனியே அளந்து கொடுக்கப்படும். முந்தின ஷிப்டு அரைகுறையாக விட்டதை யார் விட்டார் என்று தெரியாது. தெரிந்தாலும் அவர் மாரா அல்ல. பக்கத்தில் இருப்பவன் திணறினால் உதவ நேரமில்லை. டிரிஸ்ட்டும் பாம்ஃபோர்த்தும் கண்டது இதைத்தான்: ஒரு ஷிப்டு இன்னொன்றின்மேல் பழி போடுவது, தன் பங்கை மட்டும் பார்ப்பது, காரணமில்லாமல் வராமல் இருப்பது. சில இடங்களில் அடுத்தடுத்து நின்ற இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் உதவிக்கொண்டார்கள். அந்தச் சிறு வட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படாதவர்கள் தனியே திணறினார்கள்.

1947 ஜனவரி 1 அன்று சுரங்கங்கள் நாட்டுடைமையாகியும் இது மாறவில்லை. மாற்றம் கீழிருந்து வந்தது. 1950-களில் டர்ஹமின் சில சுரங்கங்களில் தொழிலாளர்கள் பழைய மாரா வழக்கத்தையே பெரிய அளவில் நீள்முகத்துக்குப் பொருத்திக்கொண்டார்கள். 41 பேர் சேர்ந்து தங்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். எந்த ஷிப்டில் யார், எந்த வேலைக்கு யார் என்று தாங்களே மாற்றிக்கொண்டார்கள். மொத்தப் பேருக்கும் ஒரே கூலிச் சீட்டு, சம பங்கு. டிரிஸ்ட்டும் கூட்டாளிகளும் 1963-இல் வெளியிட்ட நூலில், வழக்கமான ஏற்பாட்டில் இயங்கிய முகத்தோடு இதை ஒப்பிட்டார்கள். எடுக்கக்கூடிய கரியில் வழக்கமான முகம் 78 விழுக்காடும் இந்தக் கூட்டுமுகம் 95 விழுக்காடும் எடுத்தன. வேலைக்கு வராமை அங்கே 20 விழுக்காடு, இங்கே 8 விழுக்காட்டை ஒட்டி. நாற்பத்தொரு பேரில் ஒருவன் திணறினால் அந்தப் பாரம் நாற்பது பேர் மேல் பரவும். இருவரில் ஒருவன் திணறினால் ஒருவன் மேல் விழும். கணக்கு அவ்வளவு எளியது. ஆனாலும் அந்த நாற்பத்தொரு பேரையும் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த நாற்பத்தொரு பேர்தான். வெளியே நின்றவர்களைப் பற்றி அட்டவணைகள் எதுவும் சொல்வதில்லை.

1966-இல் கையெழுத்தான தேசிய ஒப்பந்தம் இயந்திரக் கரிமுகங்களில் எடைக்கூலியை ஒழித்து நாள்கூலியைக் கொண்டுவந்தது. யார் எவ்வளவு வெட்டினாலும் ஒரே கூலி என்றானபின், பகிர்ந்துகொள்ள ஒரு சீட்டு தேவைப்படவில்லை. குலுக்கலுக்கும் பொருளில்லாமல் போனது. டர்ஹம் கரிவயலின் கடைசிச் சுரங்கமான வேர்மவுத் 1993-இல் மூடப்பட்டது. அது இருந்த இடத்தில் இப்போது சண்டர்லாந்து அணியின் கால்பந்து மைதானம் இருக்கிறது. வாசலில் ஒரு பெரிய டேவி விளக்கைச் சிலையாக வைத்திருக்கிறார்கள். முதியோர் இல்லங்கள் சங்கம் இன்றும் வீடுகளைப் பராமரித்து வருகிறது. சுரங்கத்துக்குள் இறங்கியே இராதவர்களும் டர்ஹம் தெருக்களில் ஒருவரையொருவர் 'மாரா' என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள்.